இடது காது சாலைக்கு

ஜேக்கப்ஸில் இருபத்தாறு வருடம்
தகரம் அழுத்தும் இயந்திரத்துக்கு
வலப்பக்கம் காட்டி நின்றேன்.
அது கேட்டதைக் கொடுத்தேன்:
ஒரு காது.

நஷ்டஈட்டில் துணி துவைக்க ஒரு மெஷின் வந்தது.
சத்தமே போடாத ரகம் என்றான் விற்றவன்.
பாதிதான் சரிபார்க்க முடிந்தது என்னால்.

இப்போது சர்க்கரை. ஓடுங்கள் என்றார் டாக்டர்.
ஓட முடிகிறது.
சும்மா ஓடத்தான் முடியவில்லை.
பேவியூ மேட்டில் ஐந்து மணிக்கு
என் மூச்சைத் தவிரப் பேச்சுத்துணை இல்லை,
அது சொன்னதையே சொல்லும்.

சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்.
சேம்புக் கிழங்குக் குவியலுக்கும் கருவாட்டுக்கும் நடுவே
நொக்வாசியின் மேஜை.
கயிறு கட்டித் தொங்குகின்றன
ஊருக்கெல்லாம் காதுகள்.

முந்நூற்றைம்பது ராண்ட்: கம்பி இல்லாதது.
குங்குமச்சிமிழ் போல ஒரு டப்பா, உள்ளே இரண்டு.
ஒன்று சாக்கடையில் விழுந்தால்
மற்றது ஒற்றைக் கம்மலாய் அலமாரியில் கிடக்கும்.
தேவகியிடம் அப்படி ஏற்கெனவே மூன்று இருக்கின்றன.

நூற்றுநாற்பது: காதுமேல் கொக்கி.
வியர்வை தாங்கும் என்றாள்.
எத்தனை நாள்?
அது உங்கள் வியர்வையைப் பொறுத்தது.

தொண்ணூறு: சிவப்புக் கம்பி,
பெரிய கம்பெனியின் பெயரில்
ஓரெழுத்து மட்டும் இடம் மாறியிருந்தது.

இது வேண்டாம் அங்கிள், என்றாள் அவளே.
வெறும் பாஸ்.
பாடுகிறவர் கிணற்றுக்குள் இருந்து பாடுவார்,
தட்டுகிறவர் உங்கள் தலைக்குள் இருந்து தட்டுவார்.
சொல்லிக்கொண்டே
தெரியாமல் என் வலது காதில் செருகினாள்.

தடுக்கத்தான் கை தூக்கினேன்.
பூட்டிக் கிடக்கிற அறைக்கு எதற்கு விளக்கு?

பாட்டு வரவில்லை.
பாட்டு வராது.
ஆனால் கடைவாய்ப்பல்லை அடைத்த வெள்ளியில்
ஒரு தட்டு.
பிறகு இன்னொன்று.
பக்கத்து வீட்டில் யாரோ
இன்னும் குடியிருக்கிறார்கள்.

நின்ற இடத்திலேயே குதித்தேன்.
கழன்று விழவில்லை.
மிளகாய்க்காரர் எடைபோடுவதை நிறுத்திப் பார்த்தார்.
இரண்டாவது முறை குதித்தது
தேவையில்லைதான்.

எனக்கு ஒரு காதுக்குத்தான் வேண்டும்,
நாற்பத்தைந்துக்குக் கொடு என்றேன்.
காது ஒன்றானாலும் கம்பி முழுசு, அங்கிள்.
எண்பதில் நின்றாள்.
கொடுத்தேன். பாக்கிப் பத்துக்கு
ஒரு கட்டு கொத்தமல்லி.

இப்போது விடியலில் இப்படி ஏற்பாடு:
சிவப்புக் கம்பியின் ஒரு முனை
கேட்காத காதில்.
மறு முனை பனியனுக்குள்,
காறை எலும்பிடம் எதையோ பாடியபடி.
இடது காது திறந்தே இருக்கும்.
அது ஹிகின்சன் ரோட்டுக்குச் சொந்தம்:
டாக்ஸியின் இரட்டை ஹாரன்,
அறுபத்தெட்டாம் நம்பர் வீட்டு நாயின் சங்கிலி,
அந்தச் சங்கிலி இன்று கட்டியிருக்கிறதா
இல்லையா என்ற முக்கியமான தகவல்.

அழகாக ஓடுகிறேன் என்று சொல்ல மாட்டேன்.
ஆனால் தாடைக்குள் அந்தத் தட்டு வந்தால்
கால் அதற்குள் போய் விழுகிறது.
மேடு முடிவதற்குள்
மூன்று விளக்குக்கம்பம் கூடுதலாய் வந்திருக்கிறது.

நேற்று ஒரு பையன், புதுச் சப்பாத்து,
வலப்பக்கம் வந்து ஏதோ கேட்டிருக்கிறான்.
பதில் இல்லாமல்
இடப்பக்கம் சுற்றி வந்து மறுபடி கேட்டான்:
என்ன பாட்டு அங்கிள்?

மகள் போனில் ஏற்றிக் கொடுத்தது.
மொழிகூடத் தெரியாது எனக்கு.
தெரியாது என்றேன்.
காலைக் கேள், அதற்குத் தெரியும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.

மேடு.
மூச்சு இல்லை.